பக்கிரி சொன்னதை நான் பூட்டி வைத்த கதை

என் பெயர் கண்ணாயிரம். ஆயிரம் கண் உள்ளவன் என்று பொருள். பெயர் வைத்தவர்கள் நல்லெண்ணத்தில்தான் வைத்திருப்பார்கள். அதில் ஒரு கண்ணாவது வேலை செய்திருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், ரயில் நிலையத்துக்குப் போகிற தெருவில் ‘ஆயிரம் டி.டி.பி. சென்டர்’ என்று பலகை மாட்டி, தொண்ணூற்றேழிலிருந்து பதினான்கு வருடம் கடை நடத்தினேன். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, பள்ளி ஆண்டு மலர், கோயில் தல வரலாறு எல்லாம் தமிழில் அடித்துக் கொடுப்போம். அந்தக் காலத்தில் கம்ப்யூட்டரில் தமிழ் அடிப்பவன் என்றால் ஊரில் ஒரு மரியாதை உண்டு. நான் அந்த மரியாதையை விஞ்ஞானிக்கு உரியதாக எடுத்துக்கொண்டேன்.

என்னை ஒரு விஷயம் அரித்துக்கொண்டே இருந்தது. எங்கள் கடையில் அடித்ததை ஆட்கள் ஃப்ளாப்பியில் வாங்கிக்கொண்டு போய் வேறு கடையில் திறந்து, திருத்தி, அங்கேயே பிரிண்ட் எடுத்தார்கள். அவர்களுடைய எழுத்து, அவர்களுடைய பத்திரிகை, அவர்கள் வீட்டுக் கல்யாணம். ஆனால் எனக்கு அது என் சொத்தைக் களவு கொடுத்த மாதிரி இருந்தது.

அதனால் ஒரு காரியம் செய்தேன். கம்ப்யூட்டர் ஒவ்வொரு எழுத்தையும் ஓர் எண்ணாகத்தான் வைத்துக்கொள்ளும். எந்த எண் எந்த எழுத்து என்பது எழுத்துருவில், அதாவது ஃபாண்டில், இருக்கும். நான் ஒரு ஃபாண்டை எடுத்து, அதில் எழுத்துகள் இருந்த இடங்களையெல்லாம் மாற்றிப் போட்டேன். ‘க’ இருந்த இடத்தில் ‘ப’, ‘ப’ இருந்த இடத்தில் ‘த’ என்று இரண்டு வாரம் உட்கார்ந்து கலைத்தேன். அதற்கு ‘ஆயிரம்’ என்று என் பெயரையே வைத்தேன். கடையின் இரண்டு கம்ப்யூட்டரில் மட்டும் அது இருக்கும். அதில் அடித்ததை உலகத்தில் வேறு எங்கே திறந்தாலும், கேள்விக்குறியும் டாலர் குறியும் தலையில் கொம்பு முளைத்த ஆங்கில எழுத்துமாகத்தான் தெரியும்.

இதை ஏதோ நான் கண்டுபிடித்ததாகவே பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் அதில் ஓர் எழுத்தைக்கூட நான் வரையவில்லை. முகம் தெரியாத யாரோ பாடுபட்டு வரைந்த எழுத்துகள் அவை. இனாமாகக் கிடைத்தது. நான் செய்ததெல்லாம் அதற்குக் கதவு வைத்துப் பூட்டுப் போட்டதுதான்.

கடையில் தட்டச்சு செய்ய சத்யப்பிரியா என்ற பெண் இருந்தாள். புவனகிரிப் பக்கம். விரல் வேகத்தில் அவளுக்கு ஈடு கிடையாது. நான் கலைத்துப் போட்ட விசைகளைப் பழக அவளுக்கே ஒரு மாதம் பிடித்தது. “வேற கடைக்குப் போனா என்னால ஒரு வார்த்தை அடிக்க முடியாது போல சார்” என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. ஃபைலோடு ஆளையும் சேர்த்துப் பூட்டியிருக்கிறேன் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது!

சுனாமிக்கு அடுத்த வருடம் இன்னாசிமேரி டீச்சர் கடைக்கு வந்தார். முதுநகர்க்காரர். கடலோரக் குப்பத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. தண்ணீர் வந்துபோன பிறகு ஆறு மாதம் வீடு வீடாகப் போய், நாற்பத்துமூன்று பேரிடம் அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டு நோட்டில் எழுதி வைத்திருந்தார். அதில் நீளமானது பக்கிரி என்ற பெரியவர் சொன்னது. அவர் அழவும் இல்லை, கடவுளைத் திட்டவும் இல்லை. டீச்சரைக் கூட்டிக்கொண்டு குப்பம் முழுக்க நடந்து, எந்த இடத்தில் தண்ணீர் எந்த உயரம் நின்றது, எந்தச் சந்தில் ஓடியவர்கள் தப்பினார்கள், எந்தக் கிணறு எத்தனை மாதம் உப்புக் கரித்தது என்று ஒவ்வொன்றாகக் காட்டியிருந்தார்.

சத்யப்பிரியா நாற்பத்துமூன்றையும் அடித்தாள். பாதியில் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து மறுபடி அடிப்பாள். இரண்டே பிரதி எடுத்தோம். ஒன்று டீச்சருக்கு, ஒன்று பக்கிரிக்கு. ஒரு சி.டி.யும் கொடுத்தோம். டீச்சர் சி.டி.யைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது வேற கம்ப்யூட்டர்ல தொறக்குமா கண்ணாயிரம்?”

“நம்ம கடையில மட்டும்தான் டீச்சர் தொறக்கும். அதான் பாதுகாப்பு.”

“அந்த ஃபாண்டையும் இதுல போட்டுக் குடுத்துடேன். நாளைக்கி நீ இல்லன்னா?”

“நான் எங்க டீச்சர் போயிடப்போறேன்?” என்றேன். டீச்சர் என்னை ஒரு பார்வை பார்த்தார். கணக்குத் தப்பாகப் போட்ட பையனை அப்படித்தான் பார்த்திருப்பார்.

அடுத்த வருடம் சத்யப்பிரியா, சிதம்பரத்தில் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, வேலையை விட்டு நின்றுகொள்கிறேன் என்றாள். எனக்கு உடனே ஃபாண்ட் ஞாபகம் வந்தது. சிதம்பரத்தில் போய் கடை போடப் போகிறாள், ஃபாண்டை எடுத்துக்கொண்டுதான் போவாள் என்று முடிவே செய்துவிட்டேன். கடைசி நாள், வாடிக்கையாளர்கள் உட்கார்ந்திருக்கும்போதே, அவள் கைப்பையை வாங்கி மேசையில் கொட்டினேன். டிபன் பாக்ஸ், சீப்பு, ஒரு பஸ் பாஸ், பாதி தீர்ந்த தலைவலித் தைலம். அவ்வளவுதான் இருந்தது. அவள் ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு போனாள். ‘எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறாள்’ என்று நான் அப்போதும் நினைத்தேன். என் அறிவு அப்படி.

இரண்டாயிரத்துப் பதினொன்று டிசம்பர் கடைசியில் ‘தானே’ புயல் வந்தது. கடையின் கூரைத் தகடு பறந்து அடுத்த தெருவில் கிடந்தது. இரண்டு கம்ப்யூட்டரிலும் மழைத்தண்ணீர். நான் அவ்வளவு கவனமாகக் காத்த ‘ஆயிரம்’ ஃபாண்ட் அன்றோடு ஒழிந்தது. ஒரு நகல்கூட எங்கும் கிடையாது. நான்தான் யாருக்குமே கொடுக்கவில்லையே!

அதன் பிறகு சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி வாசலில் வருகிற போகிறவர்களைப் பதிவேட்டில் எழுதிக்கொள்ளும் வேலைக்குச் சேர்ந்தேன். யாரையும் உள்ளே விடாமல் பார்த்துக்கொள்வதில் எனக்கு ஏற்கெனவே அனுபவம் இருந்தது.

போன வருடம், சுனாமி வந்து இருபது வருடம் நெருங்குகிற சமயத்தில், ஒரு காலை ஷேர் ஆட்டோவிலிருந்து இன்னாசிமேரி டீச்சர் அந்த வாசலில் வந்து இறங்கினார். எழுபத்துநாலு வயது. பதிவேட்டை நீட்டினேன்.

“யாரைப் பாக்கணும் டீச்சர்?”

“உன் கேட்டுக்குள்ள வர்றதுக்கு வரல கண்ணாயிரம். என் சீடிக்குள்ள போவணும்.”

விஷயத்தைச் சொன்னார். குப்பத்துக்கு அங்கன்வாடி கட்டிடம் வரப்போகிறது. எந்த இடத்தைக் கேட்பது என்று குப்பத்துக்காரர்களே முடிவு செய்து எழுதிக் கொடுக்க வேண்டும். ஐஸ் கட்டிக் கொட்டகைக்குப் பின்னால் காலி மனை இருக்கிறது, அதைக் கேட்கலாம் என்கிறார்கள் பலர். அங்கே அன்றைக்குத் தண்ணீர் வந்ததா? ஒருவர் முழங்கால் அளவு என்கிறார், இன்னொருவர் வரவே இல்லை என்கிறார். இப்போது அங்கே பிள்ளை வைத்திருக்கும் தாய்மார்களில் பாதிப்பேர் அன்றைக்குச் சின்னப் பிள்ளைகள். தெரிந்தவர் பக்கிரி. அவர் இறந்து ஏழு வருடம்.

“பக்கிரி வீட்டுப் பிரதி தானே புயல்ல போச்சி. என் பிரதி பதினஞ்சாம் வருஷ வெள்ளத்துல கூழாப் போச்சி, கையால எழுதுன நோட்டும் சேந்து. பாட்டு சீடிங்களோட மேல் அலமாரில வச்சிருந்தேன், இந்த சீடி ஒண்ணுதான் தப்பிச்சிது.”

பக்கத்து ஜெராக்ஸ் கடையில் போட்டுப் பார்த்தோம். சி.டி. நன்றாகவே ஓடியது. நாற்பத்துமூன்று ஃபைலும் அப்படியே இருந்தன. திறந்தால் கேள்விக்குறி, டாலர், கொம்பு முளைத்த எழுத்துகள். பக்கம் பக்கமாக அதுதான். நான் செய்த வேலை இருபது வருடம் கழித்தும் பழுதில்லாமல் இருந்தது. ஜெராக்ஸ் கடைக்காரர், “வைரஸ் போல சார்” என்றார். டீச்சர் என் பக்கம் கையைக் காட்டி, “ஆமாம்பா, இதோ நிக்கிது” என்றார்.

எந்த எழுத்தை எங்கே வைத்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றுகூட நினைவில் இல்லை. நான் பூட்டினவனே தவிர, ஒருநாளும் அதில் தட்டச்சு செய்தவன் இல்லை. சத்யப்பிரியாவுக்குப் பிறகு வந்தவர்கள் யாரும் அந்த விசைகளைப் பழகும் வரை நிற்கவில்லை. அந்தப் பூட்டின் சாவி யார் விரலில் இருந்தது என்று எனக்குத் தெரியும். அதோடு ஒரு நப்பாசையும் வந்தது. நான் சந்தேகப்பட்டது உண்மையாக இருக்கக் கூடாதா? அவள் அன்றைக்கு அந்த ஃபாண்டைத் திருடியிருக்கக் கூடாதா?

மறுநாள் லீவு போட்டுவிட்டுச் சிதம்பரம் பஸ் ஏறினேன். போகும் வழியெல்லாம், கடவுளே, அவள் திருடியாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே போனேன். ஒரு மனிதன் இப்படியும் வேண்டிக்கொள்வானா என்று கேட்காதீர்கள். புதுச்சத்திரம் தாண்டும்போது ஒரு தேங்காய் உடைப்பதாகவும் சொல்லிவிட்டேன்.

விசாரித்ததில், தெற்கு வீதியில் அவள் கடை. பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் ஆய்வேடு அடிக்கக் காத்திருந்தார்கள். கண்ணாடி போட்டிருந்தாள், முன்நெற்றியில் நரை. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது அவளுக்கு. “உக்காருங்க சார்” என்றாள், அவ்வளவுதான். முக்கால் மணி நேரம் உட்கார்ந்தேன். அவளை நீ என்பதா நீங்கள் என்பதா என்று தெரியாமல், இரண்டும் வராத வாக்கியங்களாக மனதுக்குள் தயார் செய்தேன்.

“ஒரு பழைய விஷயமா வந்தேன். அந்த ஆயிரம் ஃபாண்ட்... இங்க ஏதாவது... பழசு எதாச்சும்...”

விரல்கள் விசைப்பலகையில் நின்றன. “நான் எடுத்துக்கிட்டு வந்திருப்பேன்னு இன்னும் நெனைக்கிறீங்களா சார்?”

“எடுத்துக்கிட்டு வந்திருந்தா நல்லா இருக்குமேன்னு நெனைக்கிறேன்.”

அவளுக்குச் சிரிப்பு வந்ததை நான் பார்த்தேன். அடக்கிக்கொண்டாள். சி.டி.யையும் டீச்சரையும் பக்கிரியையும் பற்றிச் சொன்னேன். பக்கிரி பெயரைச் சொன்னதும் அவள் முகம் மாறியது.

“அதுக்கு முன்னாடி ஒண்ணு சார். அன்னிக்கி என் பையைக் கொட்டுனப்ப கடையில எத்தினி பேரு இருந்தாங்க?”

“மூணு பேரு இருக்கும்.”

“அஞ்சு பேரு. ஒருத்தரு எங்க ஊர்க்காரரு. கல்யாணத்துக்கு முன்னாடி அந்தப் பேச்சு மாப்ள வீடு வரைக்கும் போச்சி.”

இது எனக்குத் தெரியாது. இவ்வளவு நாள் தெரிந்துகொள்ளவும் முயலவில்லை. கடையில் நான்கு பிள்ளைகள் இருந்தார்கள். எழுந்து நின்றேன். “இந்தம்மா என் கடையில வேல செஞ்சப்ப எதையும் எடுக்கல. நான்தான் அஞ்சு பேரு முன்னாடி திருடின்னு பையைக் கொட்டுனேன். தப்பு என்னுது” என்றேன். ஆய்வேட்டுப் பிள்ளைகள் ஒன்றும் புரியாமல் விழித்தார்கள். ஒருவன் மட்டும் “பரவால்ல சார்” என்றான், நான் கொட்டியது அவன் பையை என்கிற மாதிரி.

சத்யப்பிரியா தலையாட்டினாள். மன்னித்தாளா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

“ஃபாண்ட் இல்ல சார். ஆனா கையில இருக்கு” என்று விரல்களைக் காட்டினாள். “உங்க கடைய விட்டு வந்தப்பறம் எந்தக் கடையிலயும் எனக்கு அடிக்க வரல. அந்தப் பழக்கத்த மாத்த ஆறு மாசம் ஆச்சி. அவ்ளோ பாடுபட்டது எப்பிடி மறக்கும்?”

கண்ணை மூடிக்கொண்டு, எங்கள் கடையில் ஓயாமல் அடித்த கல்யாணப் பத்திரிகை வாசகத்தை அந்தப் பழைய விசைகளிலேயே அடித்தாள். திரையில் கொம்பு முளைத்த எழுத்துகள் வந்தன. அவள் என்ன அடித்தாள் என்று எங்களுக்குத் தெரியும், எது வந்தது என்று திரையில் தெரிந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓர் அட்டவணை போட்டோம். மதியத்துக்குள் ஏறக்குறைய எல்லா எழுத்தும் வந்துவிட்டது.

நான்கைந்து எழுத்துகள் மட்டும் பாக்கி. அவற்றுக்கு விசை போதாமல், ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டு எண்ணைத் தட்ட வேண்டும் என்று வைத்திருந்தேன். அந்த எண்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஒட்டியிருந்ததால் அவள் விரலுக்கு அவை ஏறவில்லை. எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. யாரும் ஊகிக்கக் கூடாது என்று எல்லா எண்ணையும் என் சொந்த விஷயமாக வைத்திருந்தேன். ‘ஞ’ என் பழைய டி.வி.எஸ். வண்டி நம்பர். ‘ழ’ என் கல்யாணத் தேதி.

கல்யாணத் தேதி என்ன? வெளியே போய் என் மனைவி சௌந்தரத்துக்குப் போன் செய்தேன்.

“சௌந்தரம், நம்ம கல்யாணம் என்னிக்கி?”

“இன்னாங்க, ஆஸ்பத்திரியில இருக்கீங்களா?” என்றாள்.

“இல்ல, சும்மா ஒரு ழகரத்துக்கு.”

“எதுக்கு?”

“தேதியச் சொல்லேன்.”

“ஆறாம் மாசம் இருவதாந் தேதி. முப்பது வருஷம் குடும்பம் பண்ணி, அதைக்கூட என்னைக் கேக்குறீங்க. வீட்டுக்கு வாங்க, பேசிக்கலாம்.”

வெற்றியோடு உள்ளே போய் எண்ணைச் சொன்னேன். சத்யப்பிரியா திரையைக் காட்டினாள். அந்த எழுத்தை அவள் முன்பே போட்டு முடித்திருந்தாள். “‘விழுந்து’ன்னு வர்ற எடத்துல நடுவுல வேற எந்த எழுத்து சார் வரும்? பக்கத்து எழுத்தப் பாத்தாலே தெரியுதே.”

நாற்பத்துமூன்று ஃபைலையும் கையால் மாற்ற வேண்டுமா என்று கேட்டேன். இல்லை என்றாள். பழைய ஃபாண்டுகளை இன்றைய பொதுத் தமிழுக்கு மாற்றுகிற ஒரு புரோகிராம் இருக்கிறதாம். அதை எழுதியவர், உள்ளே எப்படி எழுதியிருக்கிறார் என்பதையும் மூடாமல் எல்லோருக்கும் திறந்தே வைத்திருக்கிறார். அதனால் எங்கள் அட்டவணையை அதற்குள் சேர்த்துக்கொள்ள முடிந்தது.

“யாரு அவரு? தெரிஞ்சவரா?”

“தெரியாது சார். பாத்ததில்ல. அவருக்கும் நம்மளத் தெரியாது.”

“அப்பறம் எதுக்கு நமக்காகத் தொறந்து வச்சாரு?”

“இந்த மாதிரி யாராவது வந்து நிப்பாங்கன்னுதான்.”

எங்கேயோ இருக்கிற ஒருவர், தான் பார்க்கவே போகாத ஆட்களை நினைத்துக் கதவைத் திறந்து வைத்திருக்கிறார். நான் எதிரே உட்கார்ந்து கேட்ட டீச்சரிடமே தர மாட்டேன் என்றவன்.

புரோகிராம் ஓடியது. டாலரும் கொம்பும் போய்த் தமிழ் வந்தது. முதலில் வந்தது பக்கிரிதான். ‘நான் சொல்லுறத அப்படியே எழுதிக்க டீச்சர். எனக்கப்பறம் வர்றவன் கேப்பான்’ என்று ஆரம்பித்திருந்தது. சத்யப்பிரியா எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

கிளம்பும்போது அவள், “இந்த அட்டவணைய அந்தப் புரோகிராமோட சேத்து எல்லாருக்கும் போட்டுடறேன் சார். உங்க கடையில அடிச்சது வேற எத்தினி பேருகிட்ட தொறக்காம கெடக்குதோ” என்றாள். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்த நேரத்திலும் எனக்குள் பழைய அரிப்பு தலைகாட்டியது. “என் பேரு போடுவீங்களா?” என்று கேட்டுவிட்டேன்.

“போடலாம் சார். பூட்டுனவருன்னா, தொறந்தவருன்னா?”

“பேரு வேணாம்” என்றேன். கடைசியில் அவளை நீங்கள் என்றே கூப்பிட்டிருக்கிறேன் என்பது பஸ்ஸில் ஏறிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குப்பத்தில் எல்லோரும் கூடினார்கள். சத்யப்பிரியாவும் வந்திருந்தாள். டீச்சர் பக்கிரி சொன்னதைச் சத்தமாகப் படித்தார். ‘மாரியம்மன் கோயில் வாசப்படியில நின்னு தெக்கால அறுவத்திரண்டு எட்டு வையி. அந்த எடத்துல தண்ணி என் கழுத்துக்கு நின்னுச்சி. நான் ஒசரமான ஆளு.’ கோயில் இன்னும் அங்கேயே இருக்கிறது. ஓர் இளம் பெண் வாசற்படியிலிருந்து எட்டு வைத்தாள். கூட்டம் முழுக்க அவளோடு எண்ணியது. அறுபத்திரண்டாவது எட்டு ஐஸ் கொட்டகைக்குப் பின்னால், அந்தக் காலி மனையின் நடுவில் விழுந்தது.

ஒரு கர்ப்பிணி தன் கழுத்தருகே கையை வைத்துப் பார்த்துக்கொண்டாள். பிறகு ஒரே சத்தம். மேற்கே ரோட்டை ஒட்டிய மேட்டு நிலம் தூரம் என்று சிலர் கடைசிவரை முணுமுணுத்தார்கள், ஆனாலும் அதைத்தான் கேட்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். இப்போது அங்கே அஸ்திவாரம் எழும்பியிருக்கிறது.

அன்றைக்குக் கூட்டம் கலையும்போது பெண்கள் சத்யப்பிரியாவைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி அந்த ஃபைல்களைப் போனில் வாங்கி அடுத்தவளுக்கு அனுப்பினாள், அவள் துபாயில் இருக்கிற தம்பிக்கு அனுப்பினாள். என் கண்ணெதிரே, கால் மணி நேரத்தில், நாற்பத்துமூன்று வாக்குமூலமும் எத்தனை போனில் ஏறின என்று கணக்கில்லை. நான் ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். எட்டு வைத்த அந்தப் பெண் என்னைப் பார்த்துவிட்டு அருகில் வந்தாள். நான் யார் என்று அவளுக்குத் தெரியாது.

“ஐயா, உங்களுக்கும் அனுப்பட்டுங்களா?”

“அனுப்பும்மா” என்று என் நம்பரைச் சொன்னேன்.